திங்கட்கிழமைத் தலைவலி

எங்கள் ஊரில் தலைவலிக்குக் கிழமை வைத்த முதல் ஆள் என் மாமாதான். மற்றவர்களுக்கெல்லாம் தலைவலி வெயிலில் வரும், சாராயத்துக்கு மறுநாள் வரும், மச்சினன் வந்து ஒரு வாரம் தங்கினால் வரும். மாமாவுக்கு மட்டும் திங்கட்கிழமை, கம்பெனிக்குள் காலை வைத்ததும் வரும். செவ்வாய்க்கிழமை பாதியாகும். புதன்கிழமை போன இடம் தெரியாது. அதற்குப் பிறகு வாரக் கடைசிவரை ராஜா மாதிரி இருப்பார். ஞாயிறு லீவு. அடுத்த திங்கட்கிழமை, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவன் சாமானோடு திரும்பி வந்த மாதிரி அந்தத் தலைவலி மறுபடி மண்டைக்குள் குடியேறிவிடும்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் செவ்வாய்க்குப் பிறகு எனக்கு வழி மறந்துபோகும். சாயங்காலம் படகை விட்டு இறங்கி வரும் மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்துகொள்வேன்.

மாமா என்றால் என் அம்மாவின் ஒரே தம்பி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. அப்போதுதான் கல்யாணமாகி அத்தை வந்திருந்தாள். தினமும் விடிவதற்குள் படகேறி அக்கரைக்குப் போய், பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து கம்பெனி வண்டியில் இன்னும் கொஞ்ச தூரம் போவார். அந்தக் கம்பெனிக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் அதைச் சொல்ல நாக்கு வளையவில்லை. கல்குவாரிகளில் பாறையை உடைப்பதற்கு வெடிமருந்து தயாரிக்கிற இடம் என்பது மட்டும் தெரியும்.

"அங்க இன்னா மாமா வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாவு பெசையறது."

"இன்னா மாவு?"

"அல்வா மாவு. நல்லா மஞ்சளா, பிசுபிசுன்னு, இனிப்பு வாசனையா இருக்கும். அத்தப் பெசஞ்சி, உருட்டி, காகிதத்துல சுத்திக் குடுக்கணும்."

பாதி பொய்யும் பாதி நிஜமுமாகப் பேசுவது மாமாவின் வழக்கம். எது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கிற அறிவு எனக்கு இல்லை. மறுநாளே பள்ளிக்கூடத்தில், என் மாமா அல்வா கம்பெனியில் வேலை செய்கிறார், பொங்கலுக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து தருவேன் என்று அறிவித்தேன். பொங்கலும் வந்தது. அல்வா வரவில்லை. வாத்தியார்கூட ரெண்டு நாள் என் பையை ஆசையோடு பார்த்ததாக ஞாபகம். 'அல்வாக்காரி' என்ற பட்டம் நான் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் கூடவே வந்தது. கல்யாணப் பந்தியில் எவளோ ஒருத்தி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, மாப்பிள்ளை வீட்டார் அதை எங்கள் குலத்தொழில் என்றே நினைத்துவிட்டார்கள்.

மாமா சொன்னதில் நிஜமான பாதி, பிசைகிற வேலை. மருந்தைக் கையால்தான் பிசைந்தார்கள். உறை இருந்ததாம். மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிற நாளில் எல்லோர் கைக்கும் ரப்பர் உறை மாட்டி, அவர் காரேறிப் போனதும் எண்ணி வாங்கி உள்ளே வைத்துவிடுவார்களாம். தலைவலி என்று போய் நின்றால் ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். மாமா அந்த வெல்லத்தைத் தின்னாமல் எனக்குக் கொண்டுவருவார். அவருடைய தலைவலியின் லாபமெல்லாம் என் வயிற்றுக்குத்தான் வந்தது.

அவரை அங்கே சேர்த்துவிட்டது பழவேற்காட்டு பாய் ஒருவர். அதே கம்பெனியில் வெகுகாலமாகப் பிசைகிறவர். காலையில் மாமாவும் அவரும் ஒன்றாகத்தான் பஸ்ஸேறுவார்கள். சேர்ந்த புதிதில் மாமா சோற்றைப் பார்த்தாலே வாந்தி எடுத்துக்கொண்டு, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தபோது, பாய்தான் அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தாராம். அங்கே எல்லோரும் செய்கிற வழி. அதாவது, உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டால் வலிக்காது. ஒருநாள் லீவு விட்டால் பழக்கம் மறந்துவிடும், மறுநாள் புதிதாகச் சேர்ந்தவன் கதிதான். அதனால் உடம்பை மறக்க விடக்கூடாது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் தலைத்துண்டிலே நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு பூராவும் அந்தத் துண்டைத் தலையிலே கட்டியிருக்க வேண்டும். வாசலில் காவல்காரன் சட்டைப்பை, இடுப்பு எல்லாம் தடவிப் பார்ப்பான். அழுக்குத் துண்டை யார் தொடப்போகிறார்கள்?

ஆக, எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தலையில் துண்டோடு தூங்குகிற ஒரே மனிதர் மாமாதான். துண்டு மஞ்சள் பூத்து, மொறமொறவென்று, கிட்டே போனால் ஒருமாதிரி இனிப்பாக நெடி அடிக்கும். அத்தைக்கு அதைக் கண்டால் ஆகாது.

"நீ தாலி கட்டுனது எனக்கா, இந்தத் துண்டுக்கா?" என்பாள்.

"உனக்குத்தான். துண்டு என்னியக் கட்டிக்கிச்சி" என்பார் மாமா.

பாய் சொன்ன வழியிலும் முழுப் பலன் இல்லை. வலி குறைந்ததே தவிர, திங்கட்கிழமை அதன் கிழமையாகவே இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அந்தப் பொங்கலுக்குக் கம்பெனி சேர்ந்தாற்போல லீவு விட்டது. லீவின் நடுவில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி வேலைக்குப் போன அன்றே வலி போய்விட்டது. "வேலைக்குப் போனா சரியாப் பூடுது, ஊட்ல குந்துனா வலிக்குது. நான் உழைக்கப் பொறந்தவன்கா" என்று அம்மாவிடம் பெருமையடித்தார். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் பாடு வந்தது.

முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் ஓடுகிற சில இடங்களில்தான் இறால் திரண்டு வரும். அந்த இடங்கள் எவனுக்கும் சொந்தமில்லை. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஊருக்கு ஒரு தலைக்கட்டு. எந்த நாளில் எந்தக் கூட்டாளிகள் அங்கே கழி நட்டு வலை கட்டலாம் என்று ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதுதான் பாடு. நிலம் இல்லாத எங்களுக்கு அந்த முறைதான் நிலம். அதில் பெயர் இருந்தால் ஊரில் ஆள். இல்லையென்றால் இருந்தும் இல்லாதவன்.

கல்யாணம் ஆனதால் மாமாவின் பெயரும் சீட்டில் ஏறியது. அவருடைய முதல் பாடு ஒரு திங்கட்கிழமையில் விழுந்தது. ஊர்த்தலைவர் மடக்கினார். கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இன்னாத்துக்குப் பாடு என்றார். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கித் தன் கழியில் நின்று காட்டட்டும், வலை தூக்குகிற வரைக்கும் நிற்கவில்லையென்றால் பெயரை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

என் நைனா எழுந்து, "அவனுக்குப் பதிலா நான் நிக்கிறேன்" என்றார்.

"அவனுக்கு வயித்து வலி வந்தா மருந்தையும் நீயே குடிச்சிடுவியா?" என்றார் ஊர்த்தலைவர். சிரிப்பில் நைனா உட்கார்ந்துவிட்டார்.

மாமா திங்கட்கிழமைக்குக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலத் துண்டோடு வந்து சேர்ந்தார். கம்பெனி என்றைக்கு வேண்டுமானாலும் வேண்டாம் என்று அனுப்பிவிடும், ஏரி அனுப்பாது, எப்படியாவது நின்றுவிட வேண்டும் என்று நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விளையாட்டில்லாமல் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை பிடிவாதமாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். மாமா துண்டை அவிழ்த்து வேலிப்படலில் போட்டுவிட்டுக் குளித்தார். குளித்தவரைக் கூட்டாளிகள் வலை பார்க்க வரச்சொல்லி இழுத்துப் போய்விட்டார்கள். துண்டு வேலியிலேயே கிடந்தது. அதை நான் பார்த்தேன்.

தலையில் கட்டிக்கொண்டேன். மாமாவைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். தெருப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஏரிச் சேற்றைப் பிசைந்து உருட்டச் சொன்னேன். நான் மேஸ்திரி. "ஏய், கையைக் கழுவாதே! ஒடம்பு மறந்துடும்!" என்று அதட்டினேன். உச்சி வெயிலில் வேர்வை வழிய வழிய, என் கம்பெனி பிரமாதமாக நடந்தது.

பிறகு தலைக்குள் யாரோ கழி நட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அடியாக, நெற்றிப்பொட்டு ரெண்டிலும் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். முகம் தீயாய்க் காந்தியது. மேஸ்திரி எழுந்து ரெண்டடி வைத்து, ஊர்த்தலைவர் வீட்டுக் கருவாடு காய்கிற பாயின் மேல் வாந்தி எடுத்துச் சரிந்தாள். கம்பெனி கலைந்து ஓடிவிட்டது. தலைவர் வீட்டம்மா கத்திய கத்தில் அம்மா ஓடிவந்தாள்.

அம்மா என் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள். மோந்து பார்த்தாள். அவளும் ஒரு கணம் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அரை நாளு கட்டுனதுக்கே கொழந்தை இப்படி சாயுதே, இந்த வெசத்தையா என் தம்பி வாரா வாரம் தலையில வெச்சிக்கினு தூங்கறான்?" என்றாள்.

அவள் கண்டுபிடித்ததில் ஒரு சொல் தப்பில்லை. அது விஷம்தான்.

அதற்குப் பிறகு நடந்த சலவையை எங்கள் தெருவே பார்த்தது. வெடிமருந்து ஒட்டின துணி, கல்லில் ஓங்கி அடித்தால் வெடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளையெல்லாம் சவுக்குத் தோப்புக்கு விரட்டிவிட்டார்கள். நைனா ஒரு படகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மெதுவாமே! மெதுவா! கசக்கு, அடிக்காத!" என்று யோசனை சொன்னார். "இம்மாம் தைரியத்தை வெச்சிக்கினு உன்னியக் கட்டிக்கினேன் பாரு" என்று அம்மா கத்தினாள். உப்புத் தண்ணீரில் நுரை வராது என்பதால், மணலில் ஊற்றுத் தோண்டி மொண்டு வைத்திருந்த குடிதண்ணீரையெல்லாம் அந்தத் துண்டுக்கே செலவழித்தாள். சலவை சோடா போட்டு ஊற வைத்து, கசக்கி, பிழிந்து, மறுபடி ஊற வைத்து, கடைசியில் நீலம் போட்டு அலசினாள். ஒவ்வொரு தடவை பிழியும்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெடிக்கும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். நம்பிக்கொண்டேதான் துவைத்தாள்.

சாயங்காலம் மாமா வந்தபோது துண்டு கொக்கு மாதிரி வெளுத்துக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா... இன்னாக்கா பண்ணிட்ட?"

"இன்னா பண்ணிட்டேன்? பீடையைத் தொலைச்சேன். நாளைக்கு நீ கம்பெனிக்கா போற? ஏரிக்குப் போற. நல்ல காத்து. நல்ல துண்டா கட்டிக்கினு போ."

மாமா கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி வுடு. செவ்வாக்கெழம சேர்த்து வெச்சி வலிக்கும், அவ்ளோதானே" என்றார்.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தோம். தலைவலி இல்லை! கிழமை திங்கள், மாமாவின் மண்டை காலி. அம்மாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தியாடா, பாத்தியா! துண்டைத் தொவச்சதும் ஓடிப்போச்சி பாத்தியா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஆமாங்கா. தலையே இல்லாத மாதிரி கீது" என்றார் மாமா. அத்தையிடம் மட்டும், பொங்கல் மாதிரியே நெஞ்சில் என்னவோ அடைக்கிறது என்றாராம். இன்றைக்கு வேண்டாமே என்று அவள் சொன்னதற்கு, இன்றைக்கு நிற்கவில்லையென்றால் என்றைக்குமே நிற்க முடியாது என்றாராம்.

கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் வலை கட்டியிருந்தார்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி வேகமாக இழுத்தது. ஆளுக்கொரு கழியைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். வெள்ளைத் துண்டு என்பதால் மாமாவைச் சுலபமாக அடையாளம் தெரிந்தது. ஊர்த்தலைவரும் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் மாமா ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்தார். பிறகு ரெண்டு கையாலும் கழியைக் கட்டிக்கொண்டு அதன் மேல் சாய்ந்தார்.

"இன்னாடா கம்பெனி, தூக்கமா?" என்று ஒரு கூட்டாளி குரல் கொடுத்தான்.

"கழியையே கட்டிக்கினான்டோய்! ஊட்ல சொல்லிடாதீங்கடா!" என்றான் இன்னொருத்தன்.

மாமா ஏதோ பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கரைக்குக் கேட்கவில்லை. பின்னால் அந்தக் கூட்டாளிகளைக் கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்திலிருந்த பனைக்கட்டையை மாமா மாதிரியே கட்டிக்கொண்டு நான் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

வலை தூக்குகிற குரல் எழும்பியது. மற்றவர்கள் கழியை விட்டு நகர்ந்தார்கள். மாமா நகரவில்லை. விளையாடுகிறார் என்றுதான் முதலில் விட்டுவிட்டார்கள். அவர் பெயர் வாங்கினது அதில்தானே. ஒருத்தன் போய்த் தோளைத் தட்டின பிறகுதான் சத்தம் வேறு மாதிரி வந்தது. கழியிலிருந்து அவர் கையை எடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

அன்றைக்கு வலையில் அந்த வருஷமே காணாத இறால். "நின்னாம்பா. கடைசி வரைக்கும் நின்னான்" என்றார் ஊர்த்தலைவர். மாமாவின் பெயர் பாடு முறையில் நிலைத்தது. அவருடைய பங்கை அத்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். யாரும் தொடவில்லை. வெயிலில் அது செத்துச் சிவந்து நாறியது. கம்பெனிக்கு ஊரிலிருந்து ஆள் போய்க் கேட்டபோது, லீவு நாளில் ஏரியில் செத்தவனுக்குக் கம்பெனி என்ன செய்யும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் வேறு மாதிரிச் சொன்னது. கம்பெனிக்குப் போய்ப் போய் உடம்பு தண்ணீரை மறந்துவிட்டது, தாங்கவில்லை என்றது. ஏரிதான் கொன்றது என்பதில் ரெண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை.

ரொம்ப வருஷம் கழித்து அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பொன்னேரியில் டாக்டர், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். நெஞ்சு லேசாயிற்று, தலைதான் விண்விண்ணென்று தெறிக்கிறது என்றாள் அம்மா. அவளை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போய்க் கேட்டேன். ரத்தக் குழாயை விரிக்கிற மருந்து, அதனால்தான் தலை வலிக்கிறது என்றார் டாக்டர். "நைட்ரேட்டும்மா. பாறைக்கு வைக்கிற வெடிமருந்துல இருக்கிற அதே சரக்கு" என்று சிரித்தார், என்னைப் பயமுறுத்துவதாக நினைத்து. அதையே தினமும் கையால் பிசைகிறவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். வாரம் பூராவும் அது குழாயை விரித்தே வைத்திருக்கும். உடம்பு அதை எதிர்த்து இறுக்கப் பழகிக்கொள்ளும். திடீரென்று மருந்து நின்றால் இறுக்கம் மட்டும் மிஞ்சும். சிலருக்கு லீவில், இல்லை லீவுக்கு மறுநாள் காலையில், இதயத்துக்குப் போகிற குழாயே சுருங்கிக்கொள்ளும். அந்தக் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அப்படிச் செத்திருக்கிறார்கள் என்றார். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவதா என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

வெளியே வந்ததும், "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"தலைவலி பழகிடும்னாரு" என்றேன்.

மாமாவைக் கொன்றது அந்தக் கம்பெனி. அந்த நஞ்சு இல்லாமல் ஒருநாளும் இருக்க முடியாத உடம்பாக அவரை ஆக்கி அனுப்பியது அதுதான். துண்டு இல்லை. துண்டைத் துவைத்தவளும் இல்லை. இதை எழுதிவிட முடிகிறது. அம்மாவிடம் எந்த வரிசையில் சொன்னாலும் முதலில் துண்டுதான் வந்து நிற்கும். அதனால் அவள் போகிற வரைக்கும் சொல்லவில்லை.

எனக்கு முன்னாலேயே இன்னொருவர் அப்படிச் சொல்லாமல் இருந்தார். சின்னப் பிள்ளையான எனக்கு அது அப்போது புரியவில்லை.

மாமாவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் சாயங்காலம் பாய் வந்தார். கூடவே, அவரைப் போலவே அன்றைக்கு லீவு போட்ட கம்பெனி ஆட்கள் ரெண்டு பேர். மூன்று பேர் தலையிலும் துண்டு இருந்தது. சாவு வீட்டுக்குள் தலையில் கட்டோடு வருகிறார்களே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பாய் காதில் அது விழுந்திருக்கும். ஆனாலும் அவிழ்க்கவில்லை. அம்மாவுக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தார்.

"தம்பி துண்டு எங்கம்மா?" என்றார். அதைத்தான் முதலில் கேட்டார்.

அம்மா மடியில்தான் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். பாய் அதைப் பிரித்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இத்த யாரும்மா தொவச்சது?"

"நான்தான் பாய்" என்றாள் அம்மா. அந்த அழுகையிலும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "நல்ல தண்ணியில, சோடா போட்டு, என் கையால தொவச்சேன். அன்னிக்கி அவனுக்குத் தலைவலியே இல்ல பாய். சுத்தமா இல்ல."

கூட வந்த ரெண்டு பேரில் ஒருத்தர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பாய் அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

"நல்லாத் தொவச்சிருக்கீங்கம்மா" என்றார் பாய். "ரொம்ப நல்லாத் தொவச்சிருக்கீங்க."

துண்டை நாலாக மடித்து ரெண்டு கையாலும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

நான் அவர் தலையிலிருந்த துண்டைப் பார்த்தேன். மஞ்சள் ஏறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, பார்க்கவே சகிக்கவில்லை. பாவம், இவ்வளவு வெள்ளையாகத் துவைத்துக் கொடுக்க அவர் வீட்டில் ஆளில்லை போலிருக்கிறது, அதற்குத்தான் இப்படி அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.